இணைப்பு என்ற பெயரில் மூடப்படும் பள்ளி: மும்பைத் தமிழ்ப் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

கேள்வியின் சாரம் இது: "மும்பையில் எங்கள் பகுதியிலுள்ள தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடமும் பழையது, ஆகையால் அடுத்த கல்வியாண்டில் வேறொரு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். பெற்றோரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைத் தடுக்க முடியுமா? ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளை இப்போதே வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவது நல்லதா?"

தடுக்க வாய்ப்பிருக்கிறது. எழுத்து மூலமான ஆணை இன்னும் வரவில்லை என்பது உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது. உங்கள் கையிலிருக்கும் பெரிய பலம் அதுதான். ஆணை வந்த பிறகு வாசலில் உட்கார்ந்து போராடிய பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு உட்கார்ந்தும் இருக்கிறேன். அவர்களில் வென்றவர்கள் மிகக் குறைவு. ஆணை வருவதற்கு முன்பே பள்ளியின் பதிவேட்டையும் கணக்கையும் கேட்டு வாங்கிப் படித்தவர்கள் சில இடங்களிலாவது பள்ளியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பள்ளி மூடப்படுவது ஆணை வரும் நாளில் நடப்பதில்லை, அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம்.

நான் மும்பைப் பெருநகரப் பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ்வழி ஆசிரியையாக இருந்தவள். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று இன்று இல்லை. அது எந்த நகராட்சி, எந்தப் பேட்டை என்பதைச் சொல்லி யாரையும் குற்றம் சாட்டுவது இப்போது என் நோக்கமில்லை. ஆனால் அது நடந்த வரிசை உங்களுக்குப் பயன்படும். முதலில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த பால்வாடியைத் தற்காலிகமாக என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பால்வாடிப் பிள்ளைகள்தான் அடுத்த ஜூனில் எங்கள் முதல் வகுப்புக்கு வருபவர்கள். அவர்கள் புதிய இடத்துக்குப் பக்கத்திலேயே சேர்ந்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மூத்த ஆசிரியை ஒருவர் ஓய்வு பெற்றார், அவருடைய இடம் நிரப்பப்படவில்லை. நான் முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில், நடுவில் இரண்டு பெஞ்சுகளைக் குறுக்கே போட்டு நடத்தினேன். இதைப் பார்த்த பெற்றோர், கடன் வாங்கியாவது பிள்ளையைப் பக்கத்துத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பட்சங்க்யா, அதாவது வருகைப் பட்டியலில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எண்ணிக்கை இறங்கியதால் இன்னோர் ஆசிரியர் அதிரிக்த என்று, அதாவது தேவைக்கு மிகுதியானவர் என்று கணக்கிடப்பட்டு வேறு பள்ளிக்குப் போனார். கடைசியில் வந்த கடிதத்தில் இவை எதுவும் இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்த காரணத்தால் இணைக்கப்படுகிறது என்ற ஒரே வரி இருந்தது.

அந்தக் கடைசி ஏப்ரலில் பிள்ளைகளுக்குத் தாக்லா, அதாவது பள்ளியை விட்டு நீங்கும் சான்றிதழ், எழுதும் வேலை எனக்கு வந்தது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடான ஜெனரல் ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்று ஒரு பத்தி அதில் உண்டு. பெற்றோர் விண்ணப்பத்தின்படி என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு பெற்றோரும் விண்ணப்பிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே எழுதினேன். நீல மையில் என் கையெழுத்திலேயே அது இருக்கிறது. பின்னாளில் யாராவது அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த ஊர்ப் பெற்றோர் எல்லோரும் ஒரே வாரத்தில் தாமாகவே தமிழ்ப் பள்ளியை விட்டு விலகியதாகத்தான் அது சொல்லும். இன்றுவரை என்னை உறுத்துகிற விஷயம் இது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் பள்ளியின் கடந்த எட்டு ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள்: வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, அவற்றில் காலியாக இருந்தவை எத்தனை, பால்வாடி எப்போது எங்கே போனது, முதல் வகுப்புச் சேர்க்கை எந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது, எந்த ஆண்டு அறிவிக்கப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவின் காரணத்தை அலுவலகம் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கிடைக்கும் கணக்கில் ஆசிரியர் இடம் காலியான ஆண்டையும் பிள்ளைகள் குறையத் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆசிரியர் முதலில் போனாரா, பிள்ளைகள் முதலில் போனார்களா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். பேசுவதற்கு உங்களுக்கு வேறு சான்று தேவைப்படாது.

இனி சட்டம் எந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் ஆசை காட்டக் கூடாது என்பதால் பலம், பலவீனம் இரண்டையும் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 2009, குழந்தையின் வீட்டருகே பள்ளி இருக்கச் செய்வதை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கடமையாக்குகிறது. மகாராஷ்டிரத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். மும்பை நகரத்தைப் பொறுத்தவரை, தொடக்கக் கல்விக்கான பள்ளிகளை நடத்துவதும் அவற்றுக்கு இடவசதி செய்வதும் மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்று என்று 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 61-ஆம் பிரிவே சொல்கிறது. ஆக, பள்ளி நடத்துவது உள்ளாட்சி மனமிரங்கிச் செய்யும் சலுகை என்று யாரும் பேச முடியாது.

ஆனால் இந்த விதிகள் ஒரு பள்ளியைப் பற்றிப் பேசுகின்றன, தமிழ்வழிப் பள்ளியைப் பற்றி அல்ல. ஒரு கிலோமீட்டருக்குள் ஆங்கிலவழி அல்லது இந்திவழிப் பள்ளி இருக்கிறதே, விதி நிறைவேறிவிட்டதே என்று அதிகாரி பதில் சொல்வார். அப்போது உங்களுக்குத் தேவைப்படுபவை வேறு இரண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதி கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது. ஒன்றில் இயன்றவரை, மற்றொன்றில் முயல வேண்டும்; இரண்டு சொற்களும் அதிகாரிக்குத் தப்பிக்க இடம் தருபவை. இருந்தாலும், ஏற்கனவே ஐம்பது அறுபது ஆண்டுகளாக இயங்கிவந்த ஒரு தமிழ்ப் பள்ளியைக் காட்டி இது இயலாது என்று சொல்வது எளிதல்ல. இதுவரை இயன்றது இப்போது ஏன் இயலவில்லை என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. மும்பைத் தமிழர்கள் இதை அதிகம் அறிந்திருக்கவில்லை. 1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு வரையறையை வகுத்தது: ஒரு பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் வட்டார மொழியல்லாத வேறு தாய்மொழியைக் கொண்டவர்களாக இருந்தால், அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். மாநிலச் சீரமைப்பின்போது மொழிச் சிறுபான்மையினருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்புகளிலும் இது இடம்பெற்றது. நீதிமன்றத்தில் வாளாக வீசக்கூடிய சட்டம் அல்ல இது. ஆனால் நாடு ஒப்புக்கொண்ட கொள்கை. மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையர் என்ற பதவி 350ஆ உறுப்பின்படி இருக்கிறது, அவருக்கு மனு அனுப்பும்போது இதைக் குறிப்பிடலாம். கல்வி உரிமைச் சட்டத்திலும் ஒரு பள்ளிக்குக் குறைந்தபட்சம் இத்தனை பிள்ளைகள் வேண்டும் என்ற வரம்பு எங்கும் இல்லை. அதன் அட்டவணை, தொடக்கநிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று தொடங்குகிறது. சிறிய பள்ளியும் பள்ளிதான் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. வரம்புகள் எல்லாம் பிறகு நிர்வாகத்திலிருந்து வந்தவை. மகாராஷ்டிரத்தில் 2017-இல் பத்துப் பேருக்கும் குறைவான பள்ளிகளை மூடும் முடிவு வந்தது. 2023-இல் இருபதுக்கும் குறைவான பள்ளிகளைச் சேர்த்துக் கூட்டுப் பள்ளிகள் அமைக்கும் யோசனை வந்தது. நாடு முழுவதும் இதே போக்குதான்: 2018-19-இல் ஏறத்தாழ 10 லட்சத்து 83 ஆயிரமாக இருந்த அரசுப் பள்ளிகள் 2021-22-இல் 10 லட்சத்து 22 ஆயிரமாகக் குறைந்தன.

பெற்றோரின் ஆங்கில ஆசையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மும்பையில் தமிழ்வழிப் பள்ளிகள் மட்டும் மெலியவில்லை. மராத்திவழிப் பள்ளிகளும் குஜராத்திவழிப் பள்ளிகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. எல்லாக் குறையும் நிர்வாகத்தின் மேல்தான் என்று நாம் மேடையில் பேசினால், நம் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற கேள்வி உடனே திரும்பி வரும், அதற்கு நம்மில் பலரிடம் பதில் இருக்காது. என் கருத்து இது: எப்படியாவது பழையபடியே இருக்கட்டும் என்று கேட்பதைவிட, பெற்றோர் நம்பிச் சேர்க்கக்கூடிய பள்ளியாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பதில்தான் பலம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மராத்திவழிப் பள்ளிகளில் செமி இங்கிலீஷ் முறை நன்கு பழகிவிட்டது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில், மற்றவை மராத்தியில். தமிழ்வழிப் பள்ளிக்கும் அதையே கேளுங்கள். அதுவும் கிடைக்காமல் இணைப்பு உறுதியாகிவிட்டால், பிள்ளைகள் போய்ச் சேரும் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகத் தொடர வேண்டும், அதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள்.

கட்டடம் பழையது என்ற காரணத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பிள்ளைகளின் உயிரை வைத்து யாரும் போராட வேண்டாம். ஆனால் பழையது என்பது வேறு, அபாயமானது என்பது வேறு. மும்பையில் கட்டமைப்பு ஆய்வுக்குப் பிறகு கட்டடங்களை வகைப்படுத்துகிறார்கள்: சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது, சி-2ஏ என்றால் ஆட்களை வெளியேற்றிப் பெரிய பழுது பார்க்க வேண்டியது, சி-2பி என்றால் காலி செய்யாமலேயே கட்டமைப்பைப் பழுது பார்க்கலாம், சி-3 என்றால் சிறு பழுது. உங்கள் பள்ளி எந்த வகை, ஆய்வு எப்போது நடந்தது, யார் நடத்தினார்கள் என்று அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆய்வறிக்கைகள் இருந்தால் அவற்றைப் பார்த்து முடிவு சொல்லத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சி-1 என்றே உறுதியானால் மறுநாளே பிள்ளைகளை வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். ஆனால் இடம் மாறுவதும் பள்ளி இணைவதும் ஒன்றல்ல என்பதில் உறுதியாக நில்லுங்கள். மும்பையில் ஒரே கட்டடத்தில் மராத்தி, இந்தி, உருது, தமிழ் என்று நான்கு பள்ளிகள் தனித்தனித் தலைமையாசிரியர்களோடு நடப்பது புதிதல்ல. உங்கள் பள்ளியும் தன் பெயர், தன் பதிவேடு, தன் ஆசிரியர்களோடு இன்னொரு கட்டடத்தில் தற்காலிகமாக இயங்க முடியும். புதுக் கட்டடத்தில் தமிழ்ப் பள்ளிக்கு எத்தனை அறை என்பதையும், திரும்பும் தேதியையும் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

அந்த நிலத்தைப் பற்றியும் விசாரியுங்கள். நகரத் திட்டமிடலும் பள்ளி மூடலும் சந்திக்கும் இடம் அதுதான். மும்பையின் வளர்ச்சித் திட்டம் 2034 எந்த மனை பள்ளிக்குரியது என்று குறிக்கிறது. உங்கள் பள்ளி மனையின் நகர அளவை எண்ணான சி.டி.எஸ். எண்ணைக் கொண்டு டி.பி. ரிமார்க், அதாவது வளர்ச்சித் திட்டத்தில் அந்த மனைக்குரிய குறிப்பு, எடுத்தால் அது தெரியும். அந்தக் குறிப்பை மாற்ற வேண்டுமென்றால், மகாராஷ்டிர மண்டல, நகரத் திட்டமிடல் சட்டம், 1966-இன் 37-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டு மக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். ஆட்சேபம் எழுதி என்ன ஆகப் போகிறது என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். 2015-இல் இதே திட்டத்தின் முதல் வரைவு வெளியானபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்களும் யோசனைகளும் குவிந்தன. பிழைகள் மலிந்த அந்த வரைவைத் திருத்தி மீண்டும் தயாரிக்கும்படி முதலமைச்சர் அந்த ஏப்ரலிலேயே உத்தரவிட்டார். திருத்திய திட்டம் 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆட்சேபங்களில் எத்தனை தமிழில் சிந்திக்கும் பெற்றோரிடமிருந்து போயிருக்கும் என்று நான் அப்போதே கவலைப்பட்டேன். மைதானத்துக்காகவும் மீனவர் குடியிருப்புக்காகவும் மக்கள் திரண்டார்கள். நம் பள்ளிகளுக்காக நாம் போதுமான அளவு போகவில்லை.

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. தாராவியில் தமிழ்வழிப் பள்ளிகள் நிலைத்திருப்பதற்குக் காரணம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே அடுத்தடுத்த கோலிகளில், அதாவது ஓரறை வீடுகளில், குடியிருப்பதுதான். மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்றும், அதன் பிறகு வந்தவர்களுக்கும் மாடிகளில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வேறு இடங்களில் வீடு என்றும் பிரித்திருக்கிறார்கள். ஒரே சாலில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட ஒரே கட்டடத்தில், அண்ணன் கீழேயும் தம்பி மாடியிலும் குடியிருக்கிறார்கள் என்றால், அண்ணன் பிள்ளை தாராவியிலும் தம்பி பிள்ளை நகரின் வேறோர் ஓரத்திலும் படிக்கும் நிலை வரும். நாற்பது பிள்ளைகள் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு தமிழ் ஆசிரியரைக் கேட்கலாம். அதே நாற்பது பேர் ஐந்து இடங்களில் எட்டு எட்டாகச் சிதறினால் எங்கேயும் கேட்க முடியாது. பிள்ளை ஒன்றுகூடக் குறையாமலேயே பள்ளி இல்லாமல் போகும். தில்லி ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டபோது இதைக் கண் முன்னே பார்த்தோம். ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீடு, அதுவும் நகரின் வடகோடியான நரேலாவில். தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. ஆகையால் எங்கே வீட்டுக் கணக்கு எடுத்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை எந்த மொழிவழியில், எந்த வகுப்பில் படிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதும்படி இப்போதே கேட்க வேண்டும். வீடு ஒதுக்கி முடிந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

வேறு இடங்களில் நடந்தவற்றிலிருந்து இரண்டை மட்டும் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூன் 16 அன்று, ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணை வந்தது. சீதாப்பூர் மாவட்டப் பிள்ளைகள் சார்பாகப் போடப்பட்ட வழக்கை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளையில் தனி நீதிபதி ஜூலை 7 அன்று தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு ஜூலை 24 அன்று அந்த மாவட்டத்தில் இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்றது. பிறகு அரசே, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளிகள் இணைக்கப்படமாட்டா என்று அறிவித்தது. உணர்ச்சியைவிடத் தூரக் கணக்கு அங்கே அதிகம் பேசியது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2013-இல் ஒரே முடிவில் ஏறத்தாழ ஐம்பது பள்ளிகளை மூடினார்கள். இருக்கைகள் காலியாக இருப்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதை ஆராய்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், மூடப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே படிப்பில் சறுக்கியது தெரியவந்தது. புதிய பள்ளிக்குப் போவதற்கு முன்பே, வதந்தியும் பதற்றமும் நிறைந்த அந்த மாதங்களில்தான் அடி விழுந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் இப்போது நடப்பதும் அந்த மாதங்கள்தான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். வரைபடத்தில் கோடு போட்டு அளக்க வேண்டாம். ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளி விடும் நேரத்தில், பிள்ளை நடக்கும் வழியிலேயே நடந்து பாருங்கள். நாங்கள் ஒருமுறை அப்படி நடந்தபோது, தாளில் எண்ணூறு மீட்டர் என்றிருந்த தூரத்துக்கு நடுவே ஒரு நெடுஞ்சாலை இருந்தது. நடைமேம்பாலம் வழியாகச் சுற்றிப் போனபோது அது ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டியது. கூட வந்த பாட்டி மேம்பாலப் படிகளில் இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிட்டார். மழைக்காலத்தில் இந்தப் படியில் பேத்தியை எப்படி ஏற்றுவேன் என்று அவர் கேட்டதை அப்படியே மனுவில் எழுதினோம். நேரம், படிகளின் எண்ணிக்கை, சாலை கடக்கும் இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்று மனு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. கீழ்வகுப்புகளை மட்டுமாவது பழைய இடத்திலேயே விட்டுவைக்க அந்த மனுதான் காரணமாக இருந்தது.

மனு யார் பெயரில் போக வேண்டும் என்பதும் முக்கியம். தனித்தனியாக எழுதுவதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் போகட்டும். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அதன் வேலை. பல பள்ளிகளில் அந்தக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களுக்கே தாம் உறுப்பினர் என்பது தெரியாது, கையெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள், நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பாருங்கள், இணைப்புக்குச் சம்மதித்ததாக ஏற்கனவே ஏதேனும் தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்மதமில்லை என்று ஒரு தீர்மானத்தை எழுதி, அதன் நகலை, பகுதிப் பள்ளிகளை மேற்பார்க்கும் பீட் ஆபீசருக்கும் வார்டின் நிர்வாக அலுவலருக்கும் கல்வி அதிகாரிக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தால் உள்ளாட்சி உங்களை நேரில் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. மும்பை மாநகராட்சியில் 2022 மார்ச் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் நிர்வாகியின் ஆட்சிதான் நடந்தது. கல்விக் குழுவில் கேள்வி கேட்க ஆளில்லாத அந்த ஆண்டுகள் பள்ளிகளுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. 2026 ஜனவரித் தேர்தலுக்குப் பிறகு மீண்டும் 227 நகராட்சி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டின் உறுப்பினரிடம் நேரில் போங்கள், கையில் கணக்கோடு போங்கள்.

அப்படிப் போகும்போது தமிழர்கள் மட்டும் போகாதீர்கள். உங்கள் கட்டடத்தில் மராத்திப் பள்ளியோ உருதுப் பள்ளியோ இருந்தால் அந்தப் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளுங்கள். மராத்திப் பள்ளிகள் மூடப்படுவதை எதிர்த்து மராத்தி மக்களே இந்த நகரத்தில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். தாய்மொழியில் படிக்கும் பிள்ளையின் அருமை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் மராத்தி படிக்கிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். மொழிச் சண்டையாக இது திரும்பினால் முதலில் தோற்பது நாமாகத்தான் இருக்கும். அருகமைப் பள்ளி என்ற கேள்வியாக நின்றால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கலாம்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதே மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில், ஆனால் பள்ளிக்காக மகளைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. இப்போது சேர்க்காவிட்டால் பிறகு வேறு எங்கும் இடம் கிடைக்காது என்று உங்களை யாராவது அவசரப்படுத்தியிருப்பார்கள். பெரும்பாலும் இந்தப் பயத்தில்தான் வகுப்பு பாதியாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளை வேறோர் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற உரிமை உண்டு. தலைமையாசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும், அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. ஆகவே நீங்கள் பொறுத்திருப்பதால் அரசுப் பள்ளியில் மகளுக்கு இடம் போய்விடாது. இந்த ஆண்டு முடியட்டும். இதற்கிடையில் வீட்டில் தினமும் அரை மணி நேரம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலச் சொற்களோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் பயிற்றுமொழி மாற நேர்ந்தால் பிள்ளைகள் தடுமாறுவது பாடத்தில் இல்லை, சொற்களில்தான். முன்பே பழகிய பிள்ளை மூன்று நான்கு மாதத்தில் நிமிர்ந்துவிடுவதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். எல்லாம் முயன்ற பிறகும் ஏப்ரலில் தாக்லா வாங்கும் நிலை வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கும் காரணம் என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். பெற்றோர் விண்ணப்பத்தின்படி என்று இருந்தால் வாங்க மறுத்து, பள்ளி இணைக்கப்பட்டதால் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதுகிற ஆசிரியை தயங்கினால், ஆணையின் எண்ணையும் தேதியையும் அந்தப் பத்தியில் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.